வாடகைத் துரைகள்

நுவரெலியா ஹில் கிளப்பில் மாலை ஏழு மணிக்கு மேல் சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டுமானால் கோட்டும் டையும் வேண்டும். 1876இல் கோப்பித் துரைமார் தொடங்கிய கிளப் அது. அந்தக் காலத்து ஒழுங்கை இந்தக் காலத்திலும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறார்கள். கோட்டு இல்லாதவர் பயப்பட வேண்டாம், அங்கேயே இரவல் கோட்டுகள் இருக்கின்றன. யாருடைய தோளுக்கோ தைத்ததை மாட்டிக்கொண்டு, யார் கழுத்திலோ கிடந்த டையைக் கட்டிக்கொண்டு, செத்த மானின் தலைக்குக் கீழே உட்கார்ந்து சூப் குடிக்கலாம். சுதந்திரம் கிடைத்துப் பல வருடமாகியும் இந்தப் படியை மிதிக்க இலங்கையருக்கு இடமில்லாமல் இருந்தது. இப்போது காசு கட்டினால் யாரும் ஒரு ராத்திரிக்குத் துரை ஆகலாம். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

1948இல் வெள்ளைக்காரன் போனான். கோட்டை விட்டுவிட்டுப் போனான். அதே 1948இல், கொழும்பில் புதிதாக உட்கார்ந்தவர்கள் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, சுமார் ஏழு இலட்சம் தோட்டத்துத் தமிழ்ச் சனங்களின் உடம்பிலிருந்து குடியுரிமையைக் கழற்றி எடுத்தார்கள். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் அது. அனுப்பியதுதான் குற்றம். 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வெட்டிய கிளையில் எஞ்சியவர்களுக்குக் கடைசியாகக் குடியுரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டு வரை ஒரு நாட்டுக்குக் கை வரவில்லை. அந்த ஐம்பத்தைந்து வருடமும், வெறும் உடம்போடு வந்தவனுக்கு வாசலில் வைத்து மாட்டிவிட இரவல் குடியுரிமை ஒன்று எந்த அலுமாரியிலும் இருக்கவில்லை. சூப் குடிக்க வருகிறவனுக்கு இருக்கிற மரியாதை அது.

மலைநாட்டில் இப்போது கொழுந்தைவிட நன்றாக விளைவது பழமை. எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு பங்களா ஹோட்டலாகி நிற்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், நோர்வூட், சமர்வில், டியன்சின் என்று பெரிய துரைமார் குடியிருந்த பங்களாக்கள் 2005 முதல் உலகத்துப் பணக்காரர்கள் வந்து படுத்து எழும்பும் இடங்கள். இந்த வியாபாரத்தின் மூத்த பிள்ளை நுவரெலியா கிராண்ட் ஹோட்டல். 1828இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் குளிர் காய்வதற்குக் கட்டிய வீடு அதன் அத்திவாரம். பார்ன்ஸ் சாதாரண ஆளில்லை. கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வை வேண்டாமென்று எடுத்துவிட்ட ஆளுநரும் அவரே, தீர்வை போனதால் லாபம் கண்ட தோட்டக்காரரும் அவரே. காவற்காரனும் கன்னம் வைப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் வீட்டுக்குப் பூட்டு எதற்கு?

அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் என்று ஒன்றை எழுதினார்கள். கண்டிச் சிங்களக் கிராமத்தான் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலமும் விறகு பொறுக்கிய காடும், உறுதி காட்ட முடியாததால் ராணியின் சொத்தாயின. ராணி அதை ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றார். வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரி இருந்தார், நீதவான் இருந்தார், இராணுவத்தார் இருந்தார், பாதிரியாரும் இருந்தார். நிலம் போன சிங்களவரும், அந்த நிலத்தில் வேலைக்கு இறக்கப்பட்ட தமிழரும் அதற்குப் பிறகு நூற்றைம்பது வருடமாக ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை மேட்டிலிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் விளம்பரத்தில் வருவது அந்த மேடும், அங்கிருந்து தெரியும் காட்சியும் மட்டும்தான்.

விளம்பரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மலைநாட்டைப் பற்றிய முதல் சுற்றுலா விளம்பரம் தமிழில்தான் வந்தது, வாய்மொழியாக. கண்டிச் சீமையில் மரத்தின் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஊர் ஊராகச் சொன்னார்கள். பஞ்சத்தில் காய்ந்துகிடந்த திருச்சியும் புதுக்கோட்டையும் இராமநாதபுரமும் சேலமும் அதை நம்பின. கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் தூரைக் கிண்டினார்கள். இருநூறு வருடமாகக் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். தேங்காயும் மாசியும் பொய் என்று யார் சொன்னது? தூரில் தேங்காய் இருந்தது, மாசி இருந்தது, வெள்ளிக் கரண்டியும் கணப்படுப்பும் குளியல் தொட்டியும்கூட இருந்தன. கிண்டியவனுக்கு என்று யாரும் சொல்லவில்லையே.

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் சனங்கள் மறுபடி நடந்தார்கள். செத்தவர்களுக்காக, அடையாளத்துக்காக, காணிக்காக என்று கோரிக்கையோடு நடந்தார்கள். அதே காலத்தில் மலைநாட்டில் இன்னொரு நடையும் பிரபலமானது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை. இருபத்திரண்டு கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் காசு கொடுத்தன. நல்ல பாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைக் கூடையோடு ஏறி இறங்கிய காலடிகள் போட்ட ஒற்றையடிப் பாதைகளை இணைத்தால் நல்ல பாதையாகத்தானே இருக்கும். தோட்டத்துப் பாதையில் பிள்ளை பெற லொறியில் போகிறவளுக்குத் தார் போட காசு தேடி அலைகிறோம், முதுகுப் பையோடு நடக்கிறவருக்குப் பலகை நட உடனே காசு வருகிறது. நடப்பதற்கும் ஜாதகம் வேண்டும்.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, நின்றுபோய்ப் பல வருடம் பாழாய்க் கிடந்தது. 1996இல் அது ஹோட்டலாயிற்று. உள்ளே பழைய எஞ்சினும் கொழுந்து வாட்டும் காற்றாடிகளும் அப்படியே இருக்கின்றன. கட்டடக்கலை தெரிந்தவர்கள் மெச்சுகிறார்கள், மெச்சத் தகுந்ததுதான். அங்கே விருந்தாளிகளுக்கு ஒரு பொழுதுபோக்கும் உண்டு. பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்குச் சாரம், முதுகில் ஒரு கூடை. தோட்டத்தில் இறங்கிக் கொழுந்து பறிக்கலாம். பறித்ததைச் சின்னதொரு ஆலையில் அரைத்துப் பொதி கட்டிக் கையில் கொடுப்பார்கள், ஊருக்கு எடுத்துப் போகலாம். அந்தச் சேலையில் ஒரு குறை இருக்கிறது, அதில் அட்டை இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கு இல்லை. காலை ஆறு மணிப் பனியில் நனைந்து பத்து மணி வெயிலில் உடம்பிலேயே காய்கிற ஈரம் இல்லை. பதினெட்டு கிலோவோ இருபது கிலோவோ நிறுக்காவிட்டால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான் என்று சொல்கிற கணக்கப்பிள்ளை இல்லை. முழு அனுபவத்தையும் தருவதாக விளம்பரம் செய்கிறவர்கள் இதையெல்லாம் ஏன் கொடுக்காமல் விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. காசு கொடுத்த விருந்தாளிக்கு நிறுவையில் இரண்டு கிலோ வெட்டி, மிச்சத்துக்கு அரைப் பேர் போட்டால்தானே பாரம்பரியம் பூரணமாகும்?

நானும் ஒரு முறை ஒரு பங்களாவில் தங்கினேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து மலைக்காரர் "எங்களுடையதும் அதேதான், எங்களை ஏன் விட்டீர்கள்" என்று கோபிப்பார். டொரொன்டோவிலிருந்து வந்த மச்சான்தான் கூட்டிப்போனார். அவருடைய தாத்தாவும் என்னுடைய தாத்தாவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தத் தோட்டத்தின் பெரட்டுக்களத்தில் ஒன்றாக நின்றவர்கள். இருவருக்கும் அந்தப் பங்களாவின் பின்வாசல் தெரியும், கறிச்சட்டி கழுவும் இடம் தெரியும், துரைசானியின் நாய்களின் பெயர்கூடத் தெரியும். முன்வாசல் தெரியாது. முன்வாசலால் நுழைய வேண்டும் என்பது மச்சானின் வைராக்கியம். நுழைந்தோம். வாசலில் வெந்நீரில் நனைத்த துவாய் கொடுத்தார்கள். மச்சான் அதால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தாத்தா பார்த்திருந்தா செருப்பக் கழட்டிட்டுப் போடான்னுருப்பாரு" என்றார்.

அறைகளுக்கு முன்பிருந்த துரைமாரின் பெயர்கள். ஒவ்வொருவர் எத்தனை வருடம் இருந்தார், எத்தனை சிறுத்தை சுட்டார் என்று சட்டம் போட்ட குறிப்பு. மாலையில் கணப்பின் அருகே தோட்டத்தின் வரலாறு சொல்லப்பட்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே வருடத்தில் கோப்பிக்குத் துரு நோய் வந்தது. பயிர் செத்தது, துரைமார் சிலர் கடனில் மூழ்கினார்கள், மிச்சமானவர்கள் விடாமுயற்சியால் மலையெங்கும் தேயிலை நட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஜேர்மன் தம்பதிகள் உருகிப்போனார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: டெய்லருக்கு எத்தனை கை? ஒரு மணி நேரக் கதையில் தமிழர் ஒருமுறை வந்தார்கள், "தென்னிந்தியாவிலிருந்து உழைப்பு தருவிக்கப்பட்டது" என்று. இயந்திரமும் அதே வசனத்தில்தான் தருவிக்கப்பட்டிருந்தது.

எங்களுக்குப் பட்லராக இருந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான். ஆங்கிலத்தில் நீரோட்டமாகப் பேசினான். நான் தமிழில் கேட்டேன்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கீழ்ப்பிரிவு, சேர். ஸ்கூலுக்குப் பின்னால உள்ள லயம்."

"சேர் வேணாம்ப்பா. அண்ணேன்னு சொல்லு."

"டியூட்டியில அப்புடிச் சொல்ல ஏலாதுங்க சேர்."

மறுநாள் காலை இஸ்தோப்பில் தேநீர். எதிர் மலையில் பெண்கள் நிரை போட்டுக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜேர்மன் அம்மா நீளமான கெமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களை இந்தப் பக்கம் திரும்பச் சொல்ல முடியுமா, கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்கும் என்று பையனிடம் கேட்டார். அவன் மரியாதை குறையாமல் சொன்னான்: "அவர்கள் கொஞ்சம் பிசி, மேடம்." பிறகு என் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது, "நடுவுல வெள்ளத் துண்டு கட்டியிருக்கிறது எங்கம்மா" என்றான். ஊற்றிய கை ஆடவில்லை. நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தேநீரைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்குத்தான் எங்களைக் கெடுத்தது, அதனால் அதிலேயே பேசலாம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். இருபது கிலோ எடுப்பவள் ஒரு நாளில் நாலு கிலோவுக்கு மேல் தேயிலை கொடுக்கிறாள். இரண்டு கிராம் பைகளில் போட்டால் இரண்டாயிரம் கோப்பைக்கு மேல். அவளுடைய நாட்சம்பளத்தின் கதை எல்லோரும் அறிந்தது. ஆயிரம் ரூபா கேட்டு ஐந்தாறு வருடம் ஊர்வலம் போனார்கள். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தின மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 என்று முழங்கினார். கம்பனிகள் மறுபடி நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் தடை போட்டது, செப்டெம்பரில் அது 1,350 ஆகக் கரைந்து வந்து சேர்ந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதற்கு மேல் வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் 200 ரூபா தரும் என்றும் சொன்னார்கள். கம்பனிக்கு உழைப்பவளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை நாட்டு மக்களின் வரிப்பணம் கொடுக்கிறது. தாராளமாக 1,750 என்றே வைத்துக்கொள்வோம். கோப்பைக்கு ஒரு ரூபாகூட வரவில்லை. அந்தக் கோப்பை பீங்கானில் ஏறி, பக்கத்தில் இரண்டு வெள்ளரிக்காய் சான்ட்விச்சோடு ஹை டீ ஆகும்போது என்ன விலை என்று நுவரெலியாவில் விசாரித்துப் பாருங்கள்.

பங்களாவில் ஓர் இரவுக்கு ஐந்நூறு டொலர் என்று வையுங்கள். அதைவிட மேலே போகிற இடங்கள் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா. அந்தப் பையனின் அம்மாவுக்கு எண்பத்தாறு நாள் பேர். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்து, மழையிலும் காய்ச்சலிலும் ஒரு நாள் தவறாமல் மலைக்குப் போனால், மூன்றரை மாதம். அவள் மகன் அந்தக் கட்டிலின் விரிப்பை மடிப்பு விழாமல் இழுத்துவிடுகிறான்.

இதைச் சொன்னால் படித்தவர்கள் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்ததால்தான் அந்தப் பையனுக்கு வேலை, இல்லாவிட்டால் கொழும்பில் புடவைக் கடையில் நின்றிருப்பான் என்பார்கள். உண்மை. அவனே அதைச் சொல்வான். கங்காணி வராவிட்டால் பஞ்சத்தில் செத்திருப்பார்கள் என்பதும் இதே வாயால் சொன்னதுதான். இருநூறு வருடமாக நாங்கள் செத்துப்போகாமல் இருந்ததற்காக நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

சரி, பழமைக்குத்தான் மதிப்பு என்றால் நான் ஒரு கட்டடத்தைப் பரிந்துரைக்கிறேன். பங்களா கட்டிய அதே வருடங்களில், அதே கம்பனி, அதே மலைக் கல்லை உடைத்துக் கட்டியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். ஒரு பக்க லயமும் உண்டு, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமும் உண்டு. பங்களாவை எடுத்துக்கொண்டால் அசல் எதுவும் மிச்சமில்லை. தொட்டி புதிது, தரைக்கடியில் சூடேற்றும் குழாய் புதிது, துரையின் கணப்பைக்கூடப் பிரித்துக் கட்டிவிட்டார்கள். லயத்தில் அப்படிப்பட்ட மோசடி எதுவும் நடக்கவில்லை. தகரம் விக்டோரியா மகாராணி காலத்தது, ஒழுக்கும் அந்தக் காலத்தது. புகை போக வழி இல்லாத அடுப்படி, அன்று போலவே இன்றும் இல்லாமலே இருக்கிறது. வரிசைக்கொரு பீலித் தண்ணீர். உலகத்தில் எந்தப் பாரம்பரிய விடுதியிலும் காண முடியாத இன்னொரு சிறப்பும் உண்டு: முதல் குடியிருப்பாளரின் கொள்ளுப்பேரன் அதே காம்பராவில் அதே வேலை செய்து வாழ்கிறான். வேடம் போட்ட நடிகன் இல்லை, அசல். மரபுரிமைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற உண்மைத்தன்மை இதுதானே?

ஆனால் உலக மரபுரிமைப் பட்டியல் வேறு மாதிரி யோசித்தது. 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை அதில் சேர்த்தது. சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ். ஊதாமுகக் குரங்கு, தேவாங்கு, சிறுத்தை ஆகியோரின் பெயர்கள் மரியாதையோடு குறிப்பிடப்பட்டிருக்கின்றன. குரங்குகளுக்கு வாழ்த்துகள். அந்தக் காடுகளுக்கு நடுவில் இருந்த எங்களைத் தாண்டித்தான் அதிகாரிகள் போயிருப்பார்கள், வழியில் ஒரு தேத்தண்ணியும் குடித்திருப்பார்கள். தேவாங்குக்கு அது வாழும் இடத்தில் உரிமை உண்டு என்று பாரிஸ் வரைக்கும் ஒப்புக்கொள்கிறார்கள். லயத்தில் இருப்பவனுக்கு அவன் குடியிருக்கும் காம்பரா சொந்தமில்லை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டுமோ என்ற பயத்திலேயே மூன்று தலைமுறை கவ்வாத்து வெட்டியது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். லயத்துக்கு இலக்கம் உண்டு, முகவரி இல்லை. பங்களாவுக்கு ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர் உண்டு, செப்புத் தகட்டில்.

காணி கொடுக்கத்தான் போகிறார்கள். பத்து வருடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஏழு பேர்ச். 2017 மே மாதம் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் நின்று, ஏற்கெனவே கட்டும் நாலாயிரம் வீட்டோடு இன்னும் பத்தாயிரம் என்றபோது சனம் கைதட்டியது. ஏழு பேர்ச் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. பங்களாக்களில் விருந்தாளிகள் பந்தடிக்கும் புல்தரை அதைவிடப் பெரிது. புல்லுக்கு வருடத்தில் எத்தனை தடவை உரம் போடுகிறார்கள் என்ற கணக்கு உண்டு. காணி உறுதி எப்போது வரும் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

மண் சரியும்போது எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் கட்டடக்கலைதான். துரை காட்சி பார்க்கிற மேட்டில் கட்டினார், கூலிக்குச் சரிவும் பள்ளமும் ஒதுக்கினார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. இந்த இடம் ஆகாது என்று நிபுணர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாடு முழுக்க அதே பயம், அதே பள்ளிக்கூடத் தரையில் பாய், திரும்பிப் போனால் அதே சரிவு. இதை யாராவது விளம்பரத்தில் "இயற்கையின் மடியில்" என்று போடாமல் இருந்தால் சரி.

எனக்குக் கோபம் பங்களாவின் மேல் இல்லை, அது நல்ல வீடு. கல்லை அடுக்கிய கைகள் எங்கள் ஆட்களுடையவை, அதனால் பெருமைகூட உண்டு. கோபம் அங்கே சொல்லப்படும் கதையின் மேல். தோட்டத்துக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது என்று அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் துரைமார் மிரட்டிய காலத்தில், தொழிற்சங்கத் தலைவர் கோதண்டராம நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்தார். இன்று ஒன்லைனில் காசு கட்டியவர்கள் அரைக்காற்சட்டையோடு லயத்து இஸ்தோப்பு வரை வந்து பிள்ளைகளைப் படம் எடுக்கிறார்கள். அய்யருக்கு ஒரு நடை இல்லை, ஒரு பலகை இல்லை. 1936இல் மடுல்கெலை ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்த மார்க் பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலியப் பையன், தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்துத் துரைமாருக்கு எதிராகவே மேடையேறினான். 1937இல் அவனை நாடு கடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. வெள்ளைக்காரன், துரை உத்தியோகம், துணிச்சல், நீதிமன்ற நாடகம் என்று ஒரு ஹோட்டலுக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கதையில் உண்டு. ஆனாலும் பிரேஸ்கேர்டில் பெயரில் ஓர் அறை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிறுத்தை சுட்டவருக்கு இருக்கிறது.

பங்களாக்களின் முன் கூடத்துச் சுவரில் இன்னும் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மான் கொம்புக்கும் பெரிய துரையின் மீசைக்கும் நடுவில் நாலைந்து சட்டம் தாராளமாகத் தொங்கும். கங்காணிக் கடனில் ஆட்களை ஆடுமாடு போல் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு ஒன்று. 1921இல் ஒழித்தார்கள், எங்காவது பழைய பெட்டியில் கிடைக்கும். வேலைக்கு வந்தவர்களின் பெயர் பதிந்த செக்ரோல் பக்கம் ஒன்று, அரைப் பேர்கள் தெளிவாகத் தெரிவது மாதிரி. 1940 ஜனவரியில் பதினாறு சதக் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த முல்லோயா கோவிந்தன். 1977 மே மாதம் தோட்டக் காணியைப் பிரிப்பதை எதிர்த்த ஊர்வலத்தில் டெவனில் சுடப்பட்ட சிவனு லட்சுமணன். படம் கிடைக்காவிட்டால் பெயரையாவது எழுதிச் சட்டம் போடுங்கள், துரைமாருக்கு எழுதிய அதே எழுத்தில், அதே அளவில். ஏணி பிடிக்க, ஆணி அடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வருகிறோம். அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும்.